ஏலம் போன டிராகன் அங்கி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் கிழக்கே இருக்கிறது பழவேற்காடு. 1613-ல் அங்கே கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள், இந்தக் கரையில் நெய்த துணியை ஜாவாவுக்கும் மசாலாத் தீவுகளுக்கும் ஏற்றினார்கள். நெசவாளிக்கு நியாயமான விலை கிடைத்திருக்காது. ஆனாலும் விலை என்று ஒன்று இருந்தது. அதே கடல் வழியாக இன்னும் கிழக்கே போன மதராஸ் சிப்பாய்களின் கதை வேறு.

சீனாவில் அபினியைத் திணிக்க பிரிட்டன் நடத்திய முதல் போரில் மதராஸ் படைகளும் இருந்தன. 1841 மே மாதம், கான்டனுக்கு அருகே கொட்டும் மழையில் துப்பாக்கி வெடிக்காமல், கிராம மக்களின் முற்றுகையில் சிக்கித் தவித்தது 37-வது மதராஸ் காலாட்படையின் ஒரு பிரிவு. சீனப் போர்களில் சண்டையிட்ட மதராஸ் படைப்பிரிவுகள் சிலவற்றுக்கு டிராகன் சின்னம் பரிசானது. எவன் வீட்டு டிராகன்!

அடுத்தது இரண்டாவது அபினிப் போர். 1860-ல் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவினரும் போனார்கள். அக்டோபரில் பெய்ஜிங்கை அடுத்த யுவான்மிங்யுவான் கோடை அரண்மனைக்குள் பிரெஞ்சுக்காரர்கள் முதலில் புகுந்தார்கள், பிரிட்டிஷார் பின்னால் வந்தார்கள். முகாமெங்கும் கொள்ளையடித்த பட்டு இறைந்து கிடந்தது. பிரிட்டிஷ் தளபதி ஹோப் கிராண்ட் கொள்ளைப் பொருளை அங்கேயே ஏலம் விட்டு, பணத்தைப் படையினருக்குப் பங்கு பிரித்தார். சீனர்கள் பிடித்துவைத்த தூதுக் குழுவினரில் பலர் செத்துப்போக, பழிக்குப் பழியாக அரண்மனையை எரிக்க உத்தரவிட்டார் பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு. செத்தவர்களில் இந்தியச் சிப்பாய்களும் உண்டு. இரண்டே ஆண்டில் அதே எல்ஜின் நமக்கு வைஸ்ராய்.

அந்தப் பட்டு சாதாரணத் துணி அல்ல. பளிச்சென்ற மஞ்சள், பேரரசரின் நிறம். ஐந்து நக டிராகனோடு சூரியன், சந்திரன், மலை, நெருப்பு, தானியம் என்று 12 சின்னங்களும் சேர்ந்த அங்கி அவருக்கே உரியது. அரசவையில் யார் எந்தச் சடங்குக்கு எதை உடுத்துவது என்று வண்ணப் படங்களோடு விதிக்கும் ஏட்டையே 1759-ல் தயாரிக்கச் செய்தார் சியான்லோங் பேரரசர். அந்த ஏடும் தப்பவில்லை. அதன் தாள்கள் இன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் உள்ளிட்ட அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன.

1900-ல், வெளிநாட்டவரை எதிர்த்துச் சீனாவில் எழுந்த பாக்ஸர் கலகத்தை அடக்க எட்டு நாட்டுப் படைகள் போனபோது மறுபடியும் கொள்ளை. அப்போது போன ராஜபுத்திரச் சிப்பாய் கதாதர் சிங், சீனர்களுக்காக மனம் வருந்தி இந்தியில் ஒரு புத்தகமே எழுதினார். தமிழ்ச் சிப்பாய் ஒருவர் எழுதியிருந்தால் நமக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்!

அந்தக் கொள்ளையில் பெய்ஜிங் சொர்க்கக் கோயிலின் மணி ஒன்று இந்தியாவுக்கு வந்து, ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில் பல காலம் இருந்தது. 1990-களில், தளபதி பி.சி. ஜோஷி எடுத்த முயற்சியால் நம் ராணுவம் அதைச் சீனாவிடமே திருப்பிக் கொடுத்தது. 1962 போரை மறக்காத ராணுவம்தான் அது. லண்டனுக்கு மட்டும் என்ன தடை?

களவுபோன பத்தூர் நடராஜர் சிலையை லண்டன் நீதிமன்றம் வரை போய் மீட்டவர்கள் நாம். அடுத்த முறை வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் டிராகன் அங்கியைப் பார்த்தால், படம் எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். இது எந்த ஆண்டு, யார் கையால் இங்கே வந்தது என்று அங்குள்ளவர்களிடம் கேளுங்கள்.