கைத்தொலைபேசியில் வந்த பூசையும் கேளாமல் போட்ட படமும்

பூசைக்குப் போக முடியாத ஞாயிற்றுக்கிழமை எமது பெண்களுக்குப் புதிதல்ல. இடம்பெயர்ந்த நாட்களில் மரத்தின் கீழும் தறப்பாள் கொட்டில்களிலும் இருந்து செபமாலை சொன்னவர்கள் நாம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலத்தில், மணிலாவிலிருந்து சிற்றலையில் வந்த வேரித்தாஸ் தமிழ்ப்பணி பல வீடுகளுக்குத் துணையாக இருந்தது. 2018இல் அந்தச் சிற்றலைச் சேவை நிறுத்தப்பட்டு, பணி இணையத்திற்கு மாறியது. அன்று வானொலிப்பெட்டி செய்த வேலையை இன்று கைத்தொலைபேசி செய்கிறது.

2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தபோது இதை நான் கண்ணால் கண்டேன். அப்போது வன்னியில் ஒரு கிராமத்தில் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுடன் வேலை செய்துகொண்டிருந்தேன். கோயில் பூட்டப்பட்டதும் பங்கு இளைஞர்கள் பூசையை முகநூலில் நேரடியாகக் காட்டினார்கள். அன்பியத்திற்கு வட்ஸ்அப் குழு ஒன்றும் தொடங்கப்பட்டது.

அந்தக் குழுவில் ஓர் அக்கா இருந்தார். கணவர் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். படுக்கையில் இருக்கும் தாயை விட்டுவிட்டு அவரால் கோயிலுக்கு வர முடிவதில்லை. மகளின் படிப்புக்கு வாங்கிய போனைத் தலையணையில் சாய்த்து வைத்துத் தாய்க்குப் பூசை காட்டினார். "எத்தினை வருசத்துக்குப் பிறகு அம்மா பூசை கண்டவா தெரியுமா தங்கச்சி" என்று சொல்லும்போது அவருடைய குரல் தழுதழுத்தது. ஒரு சிறிய போன் செய்த இந்தப் பெரிய நன்மையை நான் என்றும் மறுக்கமாட்டேன்.

ஆனால் அதே மாதத்தில் நான் ஒரு பிழை செய்தேன். உலர் உணவுப் பொதி கொடுத்தபோது, அறிக்கைக்காக அவரைப் படம் எடுத்தேன். இளைஞர்கள் கேட்டதும் அதை அனுப்பினேன். அவர்கள் நல்ல மனதுடன்தான் அவருடைய பெயரையும், கணவர் காணாமல் ஆக்கப்பட்ட விபரத்தையும் எழுதி, முகநூலிலும் குழுவிலும் போட்டார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்த்தால் உதவி வரும் என்று நினைத்தார்கள்.

வந்தது உதவியல்ல. முன்பின் தெரியாத ஒருவர் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார். கணவர் உயிருடன் இருக்கிறார், விபரம் வேண்டுமானால் காசு அனுப்ப வேண்டும் என்றார். குழுவில் இருக்கும் எவரும் மற்றவர்களின் இலக்கத்தைப் பார்க்கலாம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அது போவதற்கு நேரம் எடுக்காது. அக்கா தோட்டை அடகு வைத்து இருபதாயிரம் ரூபா அனுப்பினார். அதன் பிறகு அந்தப் போன் வேலை செய்யவில்லை.

நான் வீட்டுக்குப் போனபோது அவர் என்னைத் திட்டவில்லை. "போட முன்னம் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம் தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். ஒருவரைப் பற்றிய தகவலை வெளியிட முன் அவரின் சம்மதம் பெறவேண்டும் என்று சமூகவியல் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். பொதியை நீட்டும்போது அது ஞாபகம் வரவில்லை. பசியுடன் கை நீட்டுபவர் "படம் வேண்டாம்" என்று சொல்லத் துணியமாட்டார் என்பதையும் நான் யோசிக்கவில்லை.

படத்தை அழித்தோம். ஆனால் மற்றவர்கள் சேமித்து வைத்த பிரதிகளை எங்களால் அழிக்க முடியவில்லை. பின்னர் பங்குத்தந்தையுடன் பெண்களைக் கூட்டிப் பேசினோம். அவர்களே சில முடிவுகளைச் சொன்னார்கள்.

நிவாரணம் வாங்கும் எவரின் முகத்தையும் போடுவதில்லை. பொதியை மட்டும் காட்டினால் போதும். சம்மதம் கேட்பதைப் பொதி கொடுத்து முடிந்த பின், தனியாகக் கேட்பது. பிள்ளைகளின் படத்தைப் பெயருடனோ பாடசாலைச் சீருடையுடனோ போடுவதில்லை. பூசையைக் காட்டும் கமரா பீடத்தை மட்டும் பார்க்க வேண்டும். அழுகிறவர்களின் முகத்தைத் தேடிப் போகக்கூடாது. காணாமல் போனவர்களுக்கான செபக் கருத்தைப் பங்குத்தந்தையிடம் நேரில் சொல்வது, குழுவில் எழுதுவதில்லை. மனக்கஷ்டங்களைப் பேச அருட்சகோதரியோ உளவளத்துணையாளரோ தனியாகச் சந்திப்பது. போன் இல்லாத வீட்டுக்கு அயல்வீட்டுப் பெண் போய் அறிவித்தலைச் சொல்வது.

இவற்றுக்குக் காசு செலவில்லை. கொஞ்சம் பொறுமைதான் தேவை.

அன்புச் சகோதரிகளே, உங்கள் ஆலயத்திலும் இப்படிக் குழுக்கள் இருக்கும். அதிலிருந்து ஒதுங்கிவிடாதீர்கள், அது உங்களுக்கும் உரியது. ஆனால் உங்கள் முகமும் உங்கள் துயரமும் உங்களுடையவை. "இந்தப் படத்தை எங்கே போடுவீர்கள், யார் பார்ப்பார்கள்?" என்று கேட்பது நன்றிகெட்ட செயல் அல்ல. வேண்டாம் என்று சொன்னாலும் பொதி உங்களுக்குக் கிடைக்க வேண்டும். காணாமல் போனவரைப் பற்றிச் சொல்லிக் காசு கேட்டால், ஒரு சதமும் அனுப்ப முன் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். மகளிர் உதவிக்கு 1938 என்ற இலக்கமும் இருக்கிறது.

அந்த அக்கா சில மாதங்களின் பின் குழுவுக்குத் திரும்பி வந்தார். இன்று அங்கே படம் போட முன் இளைஞர்கள் அவரிடம்தான் காட்டுகிறார்கள். அவர் சரி என்றால்தான் அது போகும்.