உலர்புல் வேறு, வைக்கோல் வேறு

பிள்ளைகள் ஆசையோடு கேட்டு வாங்கி வளர்க்கும் சிற்றுயிர்களுள் கினிப்பன்றியும் ஒன்று. பெயர் அவ்வாறு வழங்கினும் அது கினி நாட்டுக்குரியதும் அன்று. பன்றி இனத்தைச் சேர்ந்ததும் அன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டு மக்கள் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பழக்கி வளர்த்த கொறிவிலங்கு அது. மிகவும் சாதுவானது. அதற்கெனக் கூண்டையும் தீனித்தட்டையும் பார்த்துப் பார்த்து வாங்கும் நாம், புல்லைப் பற்றி மட்டும் அதிகம் எண்ணுவதில்லை. ஆனால் அச்சிற்றுயிரின் நலம் பெரும்பாலும் புல்லைப் பொறுத்தே அமைகிறது.

இதன் காரணத்தை முதலில் அறிவோம். கினிப்பன்றிக்கு 20 பற்கள் உண்டு. அவை அனைத்தும் அதன் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நார் மிகுந்த புல்லை இடைவிடாது மென்றால்தான் அவை தேய்ந்து அளவோடு நிற்கும். மெல்லுவதற்குப் புல் இல்லையேல் பற்கள் நீண்டு நாவையும் கன்னத்தையும் கிழிக்கும். பசி இருந்தும் உண்ண இயலாமற் போகும். அதன் குடலும் நாரின் துணையால்தான் இயங்குகிறது. உணவு நின்றால் குடலின் இயக்கமும் தளரும். ஆகவே, ஒரு கினிப்பன்றி அரைநாள் உண்ணாதிருப்பினும் அதை அற்பமாக எண்ணாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

எந்தப் புல்லைக் கொடுப்பது? பலர் தவறுவது இங்கேதான். கதிரை அறுத்து நெல்லை அடித்தெடுத்த பின் எஞ்சும் தாளே வைக்கோல். பயிரின் சத்து பெரும்பாலும் மணிக்குச் சென்றுவிட்டபடியால் தாளில் மிஞ்சுவது சொற்பமே. நான்கு இரைப்பை அறைகள் கொண்ட மாட்டுக்கு அது உதவலாம், கினிப்பன்றிக்குப் போதாது. உலர்புல்லோ, விதை முற்றுமுன் பசுமையாக இருக்கும்போதே அறுத்து, இலையும் தண்டுமாக உலர்த்தப்பட்டது. இரண்டும் காய்ந்தவைதாம், எனினும் ஒன்று உணவு, மற்றது எச்சம்.

நல்ல உலர்புல்லைத் தெரிந்தெடுக்கக் கண்ணும் மூக்கும் கையும் போதும். நிறத்தில் இளம்பச்சை தங்கியிருக்க வேண்டும். முழுவதும் பழுப்பேறியது, நாட்பட்டதாகவோ வெயிலில் வெளுத்ததாகவோ இருக்கும். முகர்ந்தால் இனிய புல்மணம் வீச வேண்டும். புழுங்கல் நாற்றம் பூஞ்சணத்தின் அடையாளம். ஒரு பிடி எடுத்து உதறிப் பார்ப்போம். புழுதியாய்த் தூசி பறந்தால் அதனை விலக்குவோம். அத்தூசி அதன் மூச்சுக்குப் பகை. முட்களும், கூரிய நீண்ட சுணையுள்ள கதிர்களும் கலந்திருத்தல் ஆகாது. அவை கண்ணிலும் வாயிலும் குத்திப் புண்ணாக்கும்.

வகைகளுள் பேர்பெற்றது திமொத்திப் புல். திருத்தூதர் பவுலின் சீடரது பெயரை இது நமக்கு நினைவூட்டினும், 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இதனைப் பரப்பிய திமொத்தி ஹான்சன் என்ற உழவரின் பெயரே இதற்கு அமைந்ததென்பர். இது குளிர்நாட்டுப் பயிராதலால் நம் ஊர்களில் இதன் விலை அதிகம். அது கிட்டாதோர் அருகம்புல்லை உலர்த்திப் பயன்படுத்தலாம். பூச்சிமருந்து தெளிக்காத, நாய்கள் நடமாடாத இடத்திலிருந்து, பனி காய்ந்தபின் அறுத்து, மெல்லிதாகப் பரப்பி, அடிக்கடி புரட்டி உலர்த்துவோம். வளைத்தால் தண்டு முறியும் பதம் வந்ததும் எடுத்து வைப்போம். குதிரைமசால் மற்றொரு வகை. அதில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. வளரும் குட்டிகளுக்கும் சினையுற்ற தாய்க்கும் அது ஏற்றது. வளர்ந்தவற்றுக்கு நாள்தோறும் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் கல் உண்டாகக்கூடும்.

இனிப் படுக்கையைப் பற்றிக் காண்போம். உணவுக்கு நல்ல புல்லும் படுக்கைக்கு மட்டப் புல்லும் போதுமெனச் சிலர் கருதுவர். கினிப்பன்றியோ தான் படுக்கும் புல்லையே தின்னும் பிராணி! ஆகையால் உண்ணத் தகாததை விரிக்கவும் தகாது என்பதே விதியாகட்டும். உலர்புல் ஈரத்தை நன்கு உறிஞ்சாது. எனவே அடியில் செய்தித்தாளைப் பல மடிப்பாக விரித்து, அதன்மேல் புல்லைப் பரப்புதல் நலம். நனைந்த புல்லை அன்றன்றே அகற்ற வேண்டும். தேவதாரு, பைன் மரச் சீவல்களின் நெடி சுவாசத்துக்குக் கேடு செய்யும். உண்ணும் புல்லைத் தரையில் போடாமல் கூண்டின் பக்கத்தில் சிறு தொட்டி கட்டி வைத்தால் அது அழுக்காகாது. நாளொன்றுக்கு அதன் உடலளவு குவியல் எப்போதும் எட்டும்படி இருக்கட்டும்.

வாங்கிய புல்லைக் காற்றுப் புகாத பாலிதீன் பையில் கட்டி வைப்பது தவறு. மிஞ்சிய ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கும். துணிப்பையிலோ துளையிட்ட அட்டைப்பெட்டியிலோ இட்டு, தரைக்கு மேலே பலகைமீது வைப்போம். மழைக்காலத்தில் இதில் தனிக் கவனம் தேவை.

புல் இன்றியமையாதது, ஆயினும் அது மட்டுமே போதாது. 1907ஆம் ஆண்டில் நார்வே நாட்டு அறிஞர்களாகிய ஆக்செல் ஹோல்ஸ்டும் தியோடோர் ஃப்ரோலிக்கும் தானிய உணவு மட்டுமே அளித்த கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி நோய் உண்டானதைக் கண்டனர். மனிதரைப் போலவே அவற்றின் உடலும் வைட்டமின் சி சத்தைத் தானே ஆக்கிக்கொள்ளாது. புல் உலரும்போது அச்சத்து பெரிதும் அழிந்துவிடும். எனவே குடைமிளகாய், கொத்தமல்லித் தழை முதலியவற்றை நாள்தோறும் சிறிதளவு சேர்த்துக் கொடுப்போம்.

வாயில்லாச் சீவன் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்காது; நாம் இட்டதையே உண்ணும், நாம் விரித்ததிலேயே உறங்கும். ஆகவே காலைதோறும் புல்லை முகர்ந்து பார்த்து இடும் பொறுப்பை நம் பிள்ளைகளிடமே ஒப்படைப்போம். பிற உயிரின் தேவையறிந்து உதவும் பண்பு அவர்களிடம் வளர அது நல்ல பயிற்சியாகும்.