வீழ்ச்சியும் மீட்சியும்: ஒரு கால்பந்தாட்டத் தலைவரின் குடிநோய்

திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. அதன் இறுதியில் நிற்கும் இரு குறட்பாக்களை நாம் பல்லாண்டுகளாக வகுப்பில் பயிற்றுவித்து வருகிறோம். குடித்தவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருக்குள் மூழ்கிவிட்டவனைத் தீவிளக்கு ஏந்தித் தேடுவதற்கு ஒப்பாகும் என்பது ஒன்பதாவது குறளின் கருத்து. குடிப்பவன் ஒருவன், தான் குடியாத வேளையில், குடித்து மயங்கிய இன்னொருவனைக் காண நேர்ந்தால் தன் சோர்வை நினைத்துப் பார்க்க மாட்டானோ என்று பத்தாவது குறள் வினவுகிறது. முன்னது ஒரு கதவை அடைக்கிறது. பின்னது வேறொரு கதவைத் திறக்கிறது. இவ்விரண்டும் அடுத்தடுத்து வைக்கப்பட்டதன் நுட்பத்தை நாம் நெடுங்காலம் கருதிப் பார்த்ததில்லை. இங்கிலாந்துக் கால்பந்தாட்ட வீரர் டோனி ஆடம்ஸின் வரலாற்றைப் படித்த பிறகே அது நமக்குப் புலப்பட்டது.

மதுவை மார்க்கம் முற்றாக விலக்கியிருக்க, நம் கல்லூரி மலரில் இப்பொருள் எதற்கு என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், விலக்கப்பட்ட இடத்தில் அந்நோய் நுழைவதே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? நுழைந்த இடத்தில் மறைக்கப்படுகிறது என்பதே நாம் கண்ட உண்மை. தந்தை மறைப்பார், தாய் மறைப்பார், மணம் பேசும் நாளில் இரு வீட்டாரும் மறைப்பர். நோயென்று சொல்ல நா எழாத வீட்டிற்குள் மருத்துவர் எவ்வாறு நுழைவார்? இங்கிலாந்திலோ நிலைமை நேர்மாறானது. அங்கே குடி மறைக்கப்படவில்லை, கொண்டாடப்பட்டது. ஆனால் விளைவு ஒன்றாகவே இருந்தது. நோய், நோயாகக் காணப்படவில்லை.

டோனி ஆடம்ஸ் 1966 அக்டோபர் 10ஆம் நாள் இலண்டனுக்குக் கிழக்கேயுள்ள ரோம்போர்டில் பிறந்தவர். 1983 நவம்பரில், 17 வயது நிரம்பி ஒரு மாதமும் ஆகாத நிலையில், இலண்டனின் புகழ்பெற்ற ஆர்செனல் அணிக்காக முதன்முதலில் களம் இறங்கினார். பின்களத்தின் நடுவே நின்று எதிரணியின் தாக்குதலைத் தடுப்பது அவர் பணி. 1988 சனவரி முதல் நாள், 21 வயதில், அவ்வணியின் தலைவரானார். அவ்வளவு இளம் வயதில் அப்பொறுப்பை ஏற்றவர் அணியின் வரலாற்றில் அதற்குமுன் எவரும் இலர். 1989 மே 26 அன்று லிவர்பூல் அணியை அதன் சொந்தத் திடலிலேயே இரண்டு கோல் வேறுபாட்டில் வென்றால்தான் பட்டம் என்ற நிலையில், ஆட்டத்தின் இறுதி நிமிடத்தில் இரண்டாவது கோல் விழ, ஆர்செனல் லீக் பட்டத்தை வென்றது. கோப்பையை உயர்த்திய தலைவருக்கு வயது 22.

அக்காலத்து ஆங்கிலக் கால்பந்தாட்டத்தில் குடி என்பது ஒழுங்கீனமாகக் கருதப்படவில்லை. அணி ஒற்றுமைக்கு அதுவே பசை என்று எண்ணப்பட்டது. புதன்கிழமை ஓய்வு நாளாதலால், செவ்வாய்க்கிழமைப் பயிற்சி முடிந்ததும் ஆர்செனல் வீரர்கள் கூட்டமாகக் குடிக்கச் செல்வர். அதற்குச் ‘செவ்வாய்க் கழகம்’ என்றே பெயர். கடும் பயிற்சியும் இளம் உடலும் முந்தைய நாளின் போதையை வியர்வையாய் வெளியேற்றிவிடும் என்று நம்பினர். போதை முழுதும் தெளியாமலே திடலில் இறங்கிய நாட்களும் உண்டென்று ஆடம்ஸ் பின்னாளில் எழுதினார்.

இவ்விடத்தில் நோயின் இயல்பைச் சற்று விளக்குதல் தகும். தொடர்ந்து மது அருந்துபவரின் மூளை அம்மதுவுக்கு ஏற்பத் தன்னை மாற்றியமைத்துக் கொள்கிறது. நேற்று இரண்டு கிண்ணம் தந்த மயக்கத்தை இன்று நான்கு கிண்ணமே தரும். இதனைத் தாங்குதிறன் என்பர். ‘எவ்வளவு குடித்தாலும் அவன் நிலை தவறான்’ என்று நண்பர்கள் பெருமையாகக் கூறுவது உண்மையில் நோயின் முதல் அடையாளம். பின்னர், மது இல்லாவிடின் உடல் இயங்க மறுக்கும். கை நடுங்கும், வியர்க்கும், உறக்கம் கெடும், கடுமையான நிலையில் வலிப்பும் மனக்குழப்பமும் தோன்றும். நெடுநாள் மிகுதியாகக் குடித்த ஒருவரை அறையில் அடைத்துத் திடீரென நிறுத்தச் செய்வது உயிருக்கே ஊறு விளைவிக்கலாம் என்பதால் மருத்துவர் கண்காணிப்பு இன்றியமையாதது. நம் வீடுகளில் இதனை அறிந்தவர் சிலரே. 1956ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவச் சங்கம் குடிமயக்கத்தை நோயாக ஏற்றுக்கொண்டது. நோய் என்றதும் குற்றம் மன்னிக்கப்பட்டுவிட்டது என்று பொருள் கொள்ளலாகாது. ஆடம்ஸின் வாழ்வில் இரண்டும் இருந்தன.

1990 மே மாதத்தில் அவர் மது அருந்திய நிலையில் காரை ஓட்டிச் சென்று சுவரில் மோதினார். அவர் இரத்தத்தில் இருந்த மதுவின் அளவு, சட்டம் அனுமதித்ததைப் போல் நான்கு மடங்கிற்கும் மேல். எவரும் மாண்டிலர் என்பது இறைவன் கருணை. அவ்வாண்டு டிசம்பரில் நீதிமன்றம் நான்கு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. அதில் பாதியைக் கழித்து 1991 பிப்ரவரியில் விடுதலையானார். அப்பருவத்தில் ஆர்செனல் 38 லீக் ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே தோற்றது. அந்த ஒன்று, தலைவர் சிறையில் இருந்தபோது நிகழ்ந்தது. திரும்பி வந்தவரை இரசிகர்கள் ஆரவாரத்துடன் வரவேற்றனர். தலைமைப் பொறுப்பு அவரிடமே இருந்தது, பட்டமும் கிடைத்தது. குடியும் தொடர்ந்தது.

சிறை அவரைத் திருத்தவில்லையே என்று வியப்பதில் பொருளில்லை. மது எட்டாத இடத்தில் இருப்பது வேறு. மது எட்டும் இடத்தில் அதைத் தொடாதிருப்பது வேறு. தண்டனை அவர் செய்த குற்றத்திற்கு உரியது. நோய்க்கு அது மருந்தன்று. அதனினும் கொடிய தடையாக வெற்றி நின்றது. 1993இல் இங்கிலாந்தின் இரு கோப்பைகளையும் ஒரே பருவத்தில் ஆர்செனல் வென்றது. 1994இல் ஐரோப்பியக் கோப்பை ஒன்றும் வந்தது. கோப்பைகளை அடுக்கிவைத்திருக்கும் ஒருவரிடம் சென்று ‘நீர் நோயாளி’ என்று எவர் கூறுவார்? கூறினும் அவர் ஏற்பாரா? தேர்வில் முதலிடம் பெறும் பிள்ளைக்குக் குறை ஏதும் இராது என்று ஆசிரியர்களாகிய நாமும் எத்தனை முறை எண்ணியிருக்கிறோம்!

1994 நவம்பரில் உடன் ஆடிய பால் மெர்சன், தாம் மதுவுக்கும் கொக்கெய்னுக்கும் சூதாட்டத்திற்கும் அடிமை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு சிகிச்சைக்குச் சென்றார். வள்ளுவர் வினவிய காட்சி இதுவே. தம்மைப் போன்ற ஒருவரின் சோர்வு கண்ணெதிரே நின்றது. ஆயினும் ஆடம்ஸ் தம் சோர்வைச் சொல்லில் வடிக்க மேலும் இரண்டாண்டு ஆயிற்று. கண்டவுடன் திருந்துவர் என்று குறள் கூறவில்லை என்பதையும் இங்குக் கருத வேண்டும். நினையானோ என்றுதான் அது கேட்கிறது.

1996 கோடையில் ஐரோப்பியக் கோப்பைப் போட்டி இங்கிலாந்தில் நடைபெற்றது. நாட்டின் அணிக்கு ஆடம்ஸ் தலைவர். போட்டி முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு குடிக்காதிருந்தார். சூன் 26 அன்று வெம்பிளி அரங்கில் ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதி 1-1 எனச் சமனாகி, பெனால்டி உதைகளில் 6-5 எனத் தோல்வியில் முடிந்தது. கட்டிக் காத்த அணை அன்றே உடைந்தது. அடுத்த ஏழு வாரங்கள் அவர் குடியிலேயே மூழ்கினார். இதுவும் நோயின் ஒரு முகமே. மன உறுதி குறைந்தவரே குடிநோயாளர் ஆவர் என்பது நம்மிடையே வழங்கும் எண்ணம். கால் மூட்டு வலியோடு நாட்டின் அணியை நடத்திச் சென்றவரிடம் மன உறுதிக்கு என்ன குறை?

1996 ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை மாலை. அவர் கடைசியாகக் குடித்த கிண்ணம் அன்றையது. பின்னர் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் அமைப்பின் கூட்டத்திற்குச் சென்றார். 1935இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகரில், பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்ததில் பிறந்த அமைப்பு அது. இருவருமே குடிநோயாளர். ஒரு குடிநோயாளர் இன்னொரு குடிநோயாளரோடு அமர்ந்து தம் கதையைச் சொல்வதே அதன் அடிப்படை. அங்கு அறிவுரை வழங்குவோர் இல்லை. தீவிளக்கு ஏந்தி நீருக்குள் தேடும் வேலை இல்லை. மூழ்கி எழுந்த ஒருவர் இன்னொருவருக்குக் கை கொடுக்கிறார். மீண்டும் மீண்டும் நிகழ வேண்டிய சந்திப்பு அது. ஒரு முறை கண்டு திரும்புவது போதாது.

செப்டம்பரில் பயிற்சித் திடலில் சக வீரர்களைக் கூட்டி, தாம் ஒரு குடிநோயாளர் என்று ஆடம்ஸ் அறிவித்தார். தலைவர் ஒருவர், தம்மைப் பின்பற்றுவோர் முன் நின்று தம் தோல்வியைச் சொல்வது எளிதன்று. கோப்பையை உயர்த்துவதைவிட அது கடினம் என்றே நாம் கருதுகிறோம். செய்தி நாடெங்கும் பரவியது. அக்டோபரில் பிரெஞ்சுக்காரரான ஆர்சேன் வெங்கர் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். உணவு முறையை மாற்றினார். குடிப் பழக்கத்தை அணியிலிருந்து அகற்றினார். காலம் ஆடம்ஸுக்குத் துணை செய்தது. கணுக்காலும் மனமும் தளர்ந்திருந்த ஒரு கட்டத்தில் அவரைப் பிரான்சின் தென்பகுதிக்கு ஓய்வுக்கும் பயிற்சிக்கும் அனுப்பிவைத்தவர் வெங்கரே. ஆடம்ஸ் நூல்கள் படித்தார், பியானோ கற்றார். குடித்துக் கழிந்த மாலைப் பொழுதுகளை வேறெதையேனும் கொண்டு நிரப்ப வேண்டுமல்லவா?

எல்லார்க்கும் இப்பேறு வாய்ப்பதில்லை. ஜார்ஜ் பெஸ்ட் என்னும் மாபெரும் வீரர் 2002இல் கல்லீரல் மாற்றுச் சிகிச்சை பெற்ற பின்னும் குடிக்குத் திரும்பி, 2005இல் 59 வயதில் மறைந்தார். மெர்சன் பலமுறை வழுக்கி விழுந்து எழுந்ததைத் தாமே கூறியுள்ளார். அவர்களை ஆடம்ஸோடு ஒப்பிட்டு எடைபோடுதல் முறையன்று. இதயநோயில் பிழைத்தவரையும் மாண்டவரையும் அவ்வாறு நாம் ஒப்பிடுவதில்லை.

ஆடம்ஸ் 1998இல் தம் வரலாற்றை ‘அடிக்டட்’ என்ற நூலாக வெளியிட்டார். அதன் பொருள் ‘அடிமைப்பட்டவன்’. 2000ஆம் ஆண்டில், போதைக்கும் சூதுக்கும் ஆட்பட்ட விளையாட்டு வீரர்களுக்கென்று ‘ஸ்போர்ட்டிங் சான்ஸ்’ என்னும் சிகிச்சை நிலையத்தை நிறுவினார். 2002இல் ஓய்வு பெறும்வரை ஆர்செனல் அணிக்காக 669 ஆட்டங்கள் ஆடினார்.

1998 மே 3 அன்று எவர்ட்டன் அணியை 4-0 என வென்று ஆர்செனல் மீண்டும் லீக் பட்டத்தை உறுதி செய்தது. நான்காவது கோலை, முன்களம்வரை ஓடிச்சென்று இடது காலால் அடித்தவர் பின்கள வீரரான ஆடம்ஸே. அடித்ததும் துள்ளவில்லை, இரு கைகளையும் விரித்து அசையாமல் நின்றார். அந்த லீக் போட்டிக்கு அன்று ஒரு பீர் நிறுவனத்தின் பெயரே சூட்டப்பட்டிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கைவிரித்து நின்ற அத்தோற்றத்தையே 2011இல் ஆர்செனல் தன் அரங்கின் வெளியே வெண்கலச் சிலையாக நிறுத்தியது. அக்கோல் விழுந்த நாளில் அவர் மதுவைத் தொட்டு இருபது மாதங்கள் கடந்திருந்தன.