நாட்டுப் பெயர்களின் குறுவடிவும் நெடுவடிவும்: வங்கப் பெயர்களை முன்வைத்து

நாட்டுப் பெயர்கள் எழுத்து வழக்கில் இருவகை வடிவங்களைப் பெறுகின்றன. ஒன்று பொதுவழக்கிற்குரிய குறுவடிவு. மற்றொன்று ஆட்சிமுறையையும் சுட்டும் நெடுவடிவு. 'இந்தியா' குறுவடிவு, 'இந்தியக் குடியரசு' நெடுவடிவு. செய்தியிலும் வரலாற்றிலும் முன்னதும், உடன்படிக்கைகளில் பின்னதும் பயில்கின்றன.

நெடுவடிவின் அமைப்பு மொழிக்கு மொழி வேறுபடும். பங்களாதேஷின் 1972ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் வங்கமொழியில் அந்நாட்டைக் 'கணப்பிரஜாதந்திரீ பாங்ளாதேஷ்' என்கிறது. இதில் நாட்டுப் பெயரே தலைச்சொல்; முன்னிற்பது அடை. தமிழில் 'வங்காளதேச மக்கள் குடியரசு' என்னும்போது 'குடியரசு' தலைச்சொல்லாக, நாட்டுப் பெயர் இறுதி மகரம் கெட்டு அடையாகிறது. 'இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசு' என்பதும் இவ்வமைப்பினதே.

எனவே, சொல்லின் நீளம் மட்டுமே நெடுவடிவிற்கு அடையாளமாகாது. வங்கம், வங்காளம், வங்காளதேசம் என்பன ஒரே பெயரின் குறுகிய, நீண்ட வடிவங்கள் போலத் தோன்றும். இவற்றுள் 'வங்காளதேசம்' இன்று ஒரு தனிநாட்டின் குறுவடிவேயாகும். 'தேசம்' என்பது அப்பெயரின் உறுப்பு.

இவ்வேறுபாடு கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் போன்ற இடங்களில் தெளிவாகப் புலப்படும். தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் அப்பகுதியில் 'வங்காளம்' என்றால் தாம் வாழும் மாநிலம். சூழலே பொருளை உணர்த்திவிடுவதால் 'மேற்கு' என்னும் அடை அங்கு வேண்டப்படுவதில்லை. அவ்வெழுத்து தமிழ்நாட்டு வாசகரை அடையும்போது அச்சூழல் உடன்வருவதில்லை, அடை தேவையாகிறது.

காலமும் கருதத்தக்கது. 1947க்கு முந்தைய வங்க நூல்களில் 'பாங்ளாதேஷ்' என்பது பிரிவுபடாத வங்க நிலப்பரப்பைக் குறித்தது. 'தேஷ்' என்பதும், தமிழில் 'சோழநாடு' என்பதிலுள்ள 'நாடு' போல, வட்டாரத்தைச் சுட்டவல்லது. அதனை 'வங்காளதேசம்' என எழுத்துப்பெயர்ப்புப் போல் தந்தால், 1971இல் தோன்றிய நாடு அதற்கு முன்பே இருந்ததாகப் பொருள்படும். தாகூர் 1905இல் வங்கப் பிரிவினையை ஒட்டி இயற்றிய பாடல் பின்னர் பங்களாதேஷின் நாட்டுப்பண் ஆயிற்று. ஆயினும் அதிலுள்ள 'பாங்ளா' முழு வங்கத்தையே சுட்டுகிறது.

மேற்கு வங்கச் சட்டமன்றம் மாநிலப் பெயரைப் 'பாங்ளா' என மாற்றக் கோரி 2018இல் தீர்மானம் நிறைவேற்றியது. இத்தகைய மாற்றங்கள் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பை மிகுவிப்பன. மூலம் எழுதப்பட்ட காலம், சுட்டப்படும் நிலப்பரப்பு, ஆவணத்தின் வகை ஆகிய மூன்றையும் தெளிந்த பின்னரே வடிவத்தைத் தேர்தல் வேண்டும். உடன்படிக்கையில் முதற்கண் நெடுவடிவைத் தந்து, அடுத்துவரும் இடங்களில் குறுவடிவை ஆளலாம். பழைய இலக்கியத்தில் 'வங்கம்', 'வங்க நாடு' என்பனவே பொருந்தும்.