"அந்த ஜனங்க எல்லாம் அப்படித்தான்" – சரியா?



குழுக் கூட்டத்தில் "அந்த ஜனங்க எல்லாம் அப்படித்தான்" என்ற பேச்சு வராத மாதம் உண்டா? எங்கள் குழுவிலும் வந்தது. இருளர் பெண் ஒருவர் உறுப்பினராகச் சேர வந்தார். "அவங்க சூளைக்குப் போயிடுவாங்க, சந்தா யாரு கட்டுறது?" என்று திருப்பி அனுப்பிவிட்டோம். அதே கூட்டத்தில் வசதியான வீட்டு உறுப்பினருக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் உள்கடன் கொடுத்தோம். ஆறு தவணை நின்றுபோனது அந்தக் கடன்தான்!

சூளைக்குப் போவது பொய் இல்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போகும் இருளர்கள் நம் பக்கம் உண்டு. ஆனால் அது பிறவிக் குணமா? நிலம் கிடையாது, ஆத்திர அவசரத்துக்குக் கடன் கொடுக்க ஆள் கிடையாது, அதனால் முன்பணம். அந்த முன்பணத்துக்கு மாற்றாகத்தானே குழுவே வந்தது? "எந்த மாசம் போவீங்க, எப்ப வருவீங்க?" என்று நாங்கள் கேட்கவே இல்லை.

பொதுவாக ஒன்றை நினைத்துக்கொள்வதில் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. இருட்டில் பாம்பைக் கண்டால் என்ன பாம்பு என்று ஆராயாமல் விலகுகிறோம், நல்லதுதான். ஆனால் விஷமே இல்லாத, வயலில் எலி தின்னும் சாரையையும் அடித்துக் கொல்கிறோமே! மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்து விஷம் எடுத்து, பிறகு காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு ஊசி இப்படி எடுத்த விஷத்தைக் கொண்டுதான் தயாராகிறது. அவர்கள் தடத்தைப் பார்த்தே இன்ன பாம்பு என்கிறார்கள். நாம் 'பாம்பு' என்பதோடு நின்றுவிடுகிறோம். சங்கத்தோடு தொடர்புள்ள வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்காக இருளர் என்றாலே பாம்பு பிடிப்பார் என்று நினைப்பதும் தப்பு. கூலி வேலை செய்பவர்களே அதிகம்.

நம்மையும் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசினார்கள். 1989-ல் தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோதும், 1992-ல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைத்தபோதும், "சொத்து இல்லாத பொம்பளைங்க எப்படித் திருப்பிக் கட்டுவாங்க?" என்பதே கேள்வி. நம் சேமிப்புப் பேரேட்டையும் தீர்மானப் புத்தகத்தையும் திறந்து பார்த்த பிறகுதான் கடன் வந்தது.

பிறகு ஊக்குநரும் நாங்களும் அந்தச் சகோதரி வீட்டுக்குப் போனோம். தையில் போய் ஆனியில் திரும்புவாராம். போகும் முன்பே ஆறு மாதச் சந்தா கட்டுவது, கடன் வாங்கினால் தவணை ஆடியில் தொடங்குவது என்று தீர்மானம் எழுதினோம். முதலில் கையெழுத்துப் போட்டவர், அன்று "சந்தா யாரு கட்டுறது?" என்று கேட்டவர்தான்.