அடிக்கடி கலங்கும் வயிறு

கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையத்தை நம்மில் பலர் அறிவோம். பெரியம்மையைத் தடுக்கும் அம்மைப்பால் தயாரிப்பதற்கென 1899-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அந்நிலையம், குடிநீரைச் சோதித்தல், நோய்க்கிருமிகளைக் கண்டறிதல் முதலிய பணிகளையும் மேற்கொண்டது. வாந்திபேதியும் சீதபேதியும் அசுத்த நீரால் பரவுவன என்பதை நாம் உணர்ந்ததில் இத்தகைய நிலையங்களின் பங்கு பெரிது. ஆனால், வயிறு கலங்கினாலே கிருமிதான் காரணம் என்னும் தவறான எண்ணமும் கூடவே வளர்ந்துவிட்டது. ‘அமீபா’ என்று தாமே முடிவு கட்டி, கடையில் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவோர் நம்மிடையே உண்டு. பணம் கரைகிறது, நோய் கரைவதில்லை.

சோதனையில் கிருமியோ புண்ணோ காணப்படாமலே வயிறு ஓயாது தொல்லை தரும் நிலை ஒன்று உண்டு. மருத்துவர்கள் இதனை ஐ.பி.எஸ். என்பர், எளிதில் உறுத்தலுறும் குடல் என நாம் கூறலாம். நம் நாட்டுக் குடல்நோய் மருத்துவர் சங்கத்தின் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பொதுமக்களில் நூற்றுக்கு நால்வர் அளவில் இத்தொல்லை உடையவர்கள்.

வாரத்தில் ஒரு நாளேனும் வயிற்றுவலி, மலங்கழித்தலை ஒட்டி அவ்வலி குறைதல் அல்லது மிகுதல், சில நாள் பேதி, சில நாள் மலச்சிக்கல், வயிற்று உப்பிசம் ஆகியவை இதன் குறிகள். இவை மாதக்கணக்கில் தொடரும்.

காரணம் யாது? குடலின் சுவரில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் உள்ளன. அவை மூளையுடன் இடையறாது தொடர்பு கொண்டவை. இந்நோயாளரின் குடல் நரம்புகள் சிறு அசைவையும் வலியாக உணர்கின்றன. கடும் பேதி கண்டு குணமானவர்களுள் சிலருக்கு இந்நிலை பின்னர்த் தோன்றுவதுண்டு. கவலையும் உறக்கக் குறைவும் இதனை மிகுவிக்கும். ஆகவே இது வெறும் மனப்பிரமையன்று, வலி மெய்யானதே.

எனினும், தாமே இந்நோய் என்று முடிவு செய்தலும் தவறு. மலத்தில் இரத்தம், உடல் இளைத்தல், காய்ச்சல், சோகை, உறக்கத்தினின்று எழுப்பும் பேதி, ஐம்பது வயதுக்குமேல் புதிதாய்த் தோன்றும் தொல்லை ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். குடல் காசநோயும் புற்றுநோயும் இக்குறிகளோடு வரக்கூடும்.

இந்நோயால் உயிருக்கு ஆபத்தில்லை. இது புற்றுநோயாய் மாறுவதுமில்லை. நேரம் தவறாது, சிறிது சிறிதாய் உண்பது முதல் மருந்து. தேநீரையும் காரத்தையும் குறைத்துக்கொள்ளலாம். பால், வெங்காயம், பூண்டு, பயறு வகைகள், பலாப்பழம் ஆகியவற்றுள் எது ஒவ்வாதது என்று ஒவ்வொன்றாய்ச் சில நாள் நிறுத்திப் பார்த்து அறியலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒதுக்கி உடலை மெலியவிடலாகாது. அரிசிச்சோறு பெரும்பாலோர்க்கு ஒத்துக்கொள்ளும். மலச்சிக்கல் உடையோர்க்கு இசப்கோல் உமி போதிய நீருடன் நலந்தரும். நாள்தோறும் நடத்தல் நன்று. இவற்றால் குணம் காணாதபோது, வலியைத் தணிக்கும் மருந்தையோ நரம்பை அமைதிப்படுத்தும் மருந்தையோ மருத்துவர் தருவார். பின்னதைச் சிறிய அளவில் தருவது, நோயாளியின் மனநிலை கெட்டது என்பதனாலன்று. குடலின் வலியுணர்வைக் குறைப்பதற்கே.

தறியில் அமர்ந்தவர் முற்பகலில் நான்கு முறை எழ நேர்ந்தால் அன்றைய நெசவு குறையும், கூலியும் குறையும். வயலில் நிற்கும் பெண்ணோ மறைவிடம் இன்றி வலியை அடக்கிக்கொள்கிறாள். வெட்கத்தால் இதனை வாய்திறந்து சொல்வாரும் இல்லை. தறிக்கூடத்தின் அருகே நீர் வசதியுடன் கழிப்பிடம் அமைப்பதும், எழுந்து செல்பவரை ஏளனம் செய்யாதிருப்பதும் சங்கங்களால் இயலக்கூடியவை. நோயுற்ற அங்கத்தினர் மருந்துக் கடைக்குச் செல்லுமுன் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்வாராக; தனியே செல்லத் தயங்குபவருடன் நம்மில் ஒருவர் துணையாய்ச் செல்வோமாக.