சுவரைக் கடக்கும் அலைகள்
பழுது ரிமோட்டிலா, நம் வீட்டிலா?



கையில் ரிமோட் இருக்கிறது, பொத்தானை அழுத்துகிறீர்கள், திரை விழிக்கவில்லை. மீண்டும் அழுத்துகிறீர்கள், திரை விழிக்கிறது, ஒலிபெருக்கி உறங்குகிறது. நேற்றுப் பகலில் சொன்னபடி கேட்ட கருவி இன்று மாலை முரண்டு பிடிக்கிறது. பேட்டரியை மாற்றிப் பார்க்கிறோம், உள்ளங்கையில் தட்டிப் பார்க்கிறோம். முடிவில், "கருவியே சரியில்லை" என்று தீர்ப்பு வழங்கிவிட்டு, வேறொன்று வாங்கப் புறப்படுகிறோம். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு என்பதை விளக்கவே இக்கட்டுரை.

நீலகிரி மலையில், உதகைக்கு அருகே தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் சோலூர். அங்கு வாழும் என் உறவினர் ஒருவர், முதுமையால் வெளியே செல்ல இயலாத தம் அத்தாவுக்காக முன்கூடத்தில் பெரிய திரையும் ஒலிபெருக்கிகளும் அமைத்தார். மக்காவிலிருந்து நேரலையாக வரும் தொழுகைக் காட்சியைப் பெரியவர் தாமே ரிமோட்டை அழுத்திக் காண வேண்டும் என்பது அவருடைய ஆசை. கருவிகள் யாவும் அலமாரிக்குள் மூடி வைக்கப்பட்டன. அதனால் ரேடியோ அலையில் இயங்கும் ரிமோட் தேவைப்பட்டது. பகலெல்லாம் அது ஒழுங்காக இயங்கிற்று; மஃரிபுக்குப் பின்னரோ பத்து முறை அழுத்தினால் இரண்டு முறைதான் பலித்தது. சிலர் மலைப் பனியைக் குறை கூறினர். வீட்டுக்காரரின் ஐயம் வேறிடத்தில் விழுந்தது. ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் பக்கத்து வீட்டில், படகர் சமுதாயத்தைச் சேர்ந்த குடும்பத்தினர் அண்மையில் கம்பியில்லா அழைப்பு மணி ஒன்றைப் பொருத்தியிருந்தனர். "அந்த மணி வந்த நாளிலிருந்துதான் இந்தத் தொல்லை" என்றார் அவர்.

அவர் கூற்று உண்மையா என்பதைப் பின்னர் பார்ப்போம். முதலில் இக்கருவிகள் இயங்கும் விதத்தை அறிந்துகொள்வோம்.

இரு வகை ரிமோட்டுகள்

சாதாரண ரிமோட் அகச்சிவப்பு ஒளியால் இயங்குவது. கண்ணுக்குத் தெரியாவிடினும் அதுவும் ஒளியே. ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பதை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சோதனைகளால் நிறுவியவர் பஸ்ராவில் பிறந்த பேரறிஞர் இப்னுல் ஹைதம் அவர்கள். நேர்கோட்டில் செல்வதால்தான், குறுக்கே ஒருவர் நின்றாலும் அலமாரிக் கதவு மூடியிருந்தாலும் அந்த ரிமோட் பயனற்றுப் போகிறது.

மற்றொரு வகை, ரேடியோ அலையால் இயங்குவது. இந்த அலை சுவரையும் ஊடுருவிச் செல்லும். 1895-ஆம் ஆண்டிலேயே கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் இதை மக்கள் முன் மெய்ப்பித்தார். சுவர்களைத் தாண்டிச் சென்ற அலை தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தது, வெடிமருந்தையும் பற்றவைத்தது.

சுவரைக் கடக்கும் இந்த ஆற்றலே அதன் சிறப்பு. அதுவே அதன் சிக்கலும் ஆகும். 1950-களில் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனத்தார் தொலைக்காட்சிக்கு ரிமோட் செய்ய முனைந்தபோது, ரேடியோ அலை பக்கத்து வீட்டுப் பெட்டியையும் இயக்கிவிடும் என்று அஞ்சி அதைக் கைவிட்டனர். ராபர்ட் அட்லர் என்பவர் உருவாக்கி 1956-இல் விற்பனைக்கு வந்த அவர்களுடைய ரிமோட், காதுக்குக் கேளாத மீயொலியால் இயங்கிற்று.

இன்றைய ரிமோட்டுகளில் பல 433 மெகாஹெர்ட்ஸிலோ 2.4 கிகாஹெர்ட்ஸிலோ பேசுகின்றன. அழைப்பு மணி, வாயிற்கதவுத் திறப்பான் போன்ற சிறு கருவிகள் பல முன்னதைப் பயன்படுத்துகின்றன. வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவை பின்னதில் நெரிசலை உண்டாக்குகின்றன. போதாக்குறைக்கு, எல்.இ.டி. விளக்கின் மலிவான அடாப்டர், இன்வெர்ட்டர் போன்றவை எவரோடும் பேசாமலே வெறும் இரைச்சலை எழுப்புகின்றன. கல்யாண மண்டபத்துச் சந்தடியில் நம் காதருகே ஒருவர் மெல்லச் சொல்வது கேட்காது அல்லவா? நம் காதிலும் குறையில்லை, அவர் குரலிலும் குறையில்லை. ரிமோட்டின் நிலையும் அதுவே.

கண்டுபிடிக்கும் முறை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். நான்கை ஒரே சமயத்தில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

முதலாவது, பேட்டரி. மலைக் குளிரில் பேட்டரியின் திறன் குறையும். ஈரக்காற்றால் அதைத் தொடும் தகட்டில் களிம்பு படியும். உலர்ந்த துணியால் தகட்டைத் துடைத்துப் புதிய பேட்டரியை இடுங்கள்.

இரண்டாவது, அலையை வாங்கும் பெட்டியின் அருகே சென்று அழுத்துங்கள். அருகில் பலித்துத் தொலைவில் பலிக்காவிடில் குறை அலையின் பாதையில் இருக்கிறது. அருகிலும் பலிக்கவில்லையென்றால், அப்பெட்டியின் சிறு விளக்கைக் கவனியுங்கள். அழுத்தும்போது விளக்கு மினுங்கியும் கருவி அசையவில்லையா? அலை வந்து சேர்ந்துவிட்டது. அங்கிருந்து ஒவ்வொரு கருவியின் முகப்பிலும் ஒட்டப்பட்டிருக்கும் அகச்சிவப்புக் குமிழ் இடம் பெயர்ந்திருக்கலாம். எவரும் அழுத்தாதபோதே விளக்கு மினுங்குகிறதா? எங்கிருந்தோ இரைச்சல் புகுகிறது.

மூன்றாவது, பெட்டி இருக்கும் இடம். இரும்பு பீரோவும் தகரமும் நிலைக்கண்ணாடியும் அலையைத் திருப்பிவிடும். பெட்டியை அலமாரிக்கு வெளியே இரண்டடி நகர்த்தினாலே பல வீடுகளில் தொல்லை தீர்ந்துவிடும். 433 மெகாஹெர்ட்ஸ் கருவிகளில் ஏறத்தாழ 17 செ.மீ. நீளமுள்ள கம்பி ஏரியலாக இருப்பதுண்டு. அதைச் சுருட்டி வைப்பது காதைப் பொத்துவதற்கு ஒப்பாகும்; நேராக விடுங்கள்.

நான்காவது, பழுது தோன்றும் நேரத்தைக் குறித்து வையுங்கள். ஒரு வாரக் குறிப்பு ஆயிரம் யூகங்களைவிட மேலானது. பின்னர் அந்த நேரத்தில் வீட்டின் மின்கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, ஒவ்வொரு முறையும் ரிமோட்டை அழுத்திப் பாருங்கள்.

பனிமூட்டத்தை மட்டும் குற்றவாளியாக்க வேண்டாம். இந்த அலைகளுக்கு அது ஒரு தடையே அன்று.

அறிஞர்களும் ஏமாந்த கதை

இதே நீலகிரியில், உதகையை அடுத்த முத்தோரையில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி மலைச்சரிவில் நிற்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் அமைக்கப்பட்டு 1970-இல் இயங்கத் தொடங்கிய அது, விண்ணிலிருந்து வரும் மிக மெல்லிய அலைகளைக் கேட்கிறது. இத்தகைய கருவிகளுக்கு, மனிதர் எழுப்பும் இரைச்சலே பெரும் பகை.

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் 1998 முதல் அவ்வப்போது விளங்காத சில அலைகள் பதிவாகி வந்தன. எங்கிருந்து வருகின்றன என்று அறிஞர்கள் பல்லாண்டுகள் குழம்பினர். 2015-இல் முறையாகச் சோதித்தபோது உண்மை வெளிப்பட்டது: அந்த வளாகத்திலிருந்த மைக்ரோவேவ் அடுப்பின் கதவை, அது நிற்கும் முன்பே எவரோ திறந்துவிடுவதுதான் காரணம்! வானத்தை அளந்த அறிஞர்களுக்கே விடை தம் சமையலறையில் இருந்தது.

சோலூரில் நடந்தது

சோலூர் வீட்டிலும் குறிப்பேடு எழுதினோம். பழுது மாலை விளக்கு ஏற்றிய பின்னரே தோன்றுவது தெரிந்தது. ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தோம். முன்கூடத்தில் அழகுக்காக ஒட்டிய எல்.இ.டி. விளக்குப் பட்டையின் மலிவான அடாப்டரைப் பிடுங்கிய நொடியில் ரிமோட் சொன்னபடி கேட்டது. மீண்டும் செருகினோம், தொல்லை திரும்பியது. பக்கத்து வீட்டு மணிக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

செய்தி அத்துடன் முடியவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டு அம்மையார் சொன்னார்: "இரவில் மாமியார் மணியை அழுத்தினால் எங்களுக்குக் கேட்பதே இல்லை. பாவம், படுக்கையில் கிடப்பவர், தண்ணீருக்காகக் காத்துக் கிடந்து உறங்கிவிடுகிறார். நேற்று ராத்திரிதான் நன்றாக ஒலித்தது." அவர்களுடைய மணியின் ஏற்பி, எங்கள் அடாப்டர் இருந்த அதே சுவரின் மறுபுறம் இருந்தது. எவர் நமக்குத் தொல்லை தருவதாக எண்ணினோமோ, அவர்களுக்குத் தொல்லை தந்தவர்கள் நாமே! என் உறவினர் தலை குனிந்தார்; அவர்கள் வீட்டுக்குச் சென்று நடந்ததைக் கூறி வருத்தம் தெரிவித்தார். அடாப்டரை மாற்ற ஆன செலவோ மிகச் சொற்பம்.

அண்டை வீட்டாரின் உரிமையைப் பெருமானார் (ஸல்) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பதும், ஆதாரமற்ற ஐயம் பாவத்தில் தள்ளும் என்பதும் நாம் அறியாதவை அல்ல. நம் குரலும் குப்பையும் பிறர் வாசலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறோம். கண்ணுக்குப் புலப்படாத அலைகளும் நம் வீட்டிலிருந்து சுவரைத் தாண்டிச் செல்கின்றன என்பதை இனி நினைவில் கொள்வோம்.

ஆகவே, ரிமோட் பழுதானால் புதியதை வாங்கி வீண்விரயம் செய்யும் முன், பக்கத்து வீட்டாரைக் குறை கூறும் முன், ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி நம் வீட்டை நாமே சோதிப்போம். இன்ஷா அல்லாஹ், விடை பெரும்பாலும் நம் கூடத்திலேயே கிடைத்துவிடும்.